நெருப்புக்குள் போன நந்தன் எங்கே?



திருவக்கரைக்கு வருகிறவர்கள் இரண்டைப் பார்க்காமல் போவதில்லை. ஒன்று, சந்திரமௌலீசுவரர் கோயிலில் உள்ள வக்கிரகாளி. மற்றொன்று, கல்மரப் பூங்கா. அந்தக் கல்மரங்களைக் கொல்லப்பட்ட அசுரனின் எலும்புகள் என்று சொல்லும் கதை ஒன்று இங்கே உண்டு. ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்து புதைத்த மரங்கள் அவை என்கிறது நிலவியல். எலும்பு என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, ஒரு நாள் அதில் மரத்தின் வரியைப் பார்க்கிறது. விழிப்பு என்று நான் சொல்வது அந்த நொடியைத்தான். நம் மக்களுக்கு அந்த நொடியைத் தந்த நூல்கள் எவை, தருவதாகச் சொல்லித் தூங்கவைத்த கதைகள் எவை என்பதே இன்றைய பேச்சு.

நந்தன் கதையிலிருந்து தொடங்குகிறேன். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய திருநாளைப்போவார், ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்தவர். தில்லைக்குள் போக அவருக்கு நெருப்பில் மூழ்கி எழவேண்டியிருந்தது. எழுந்தபோது பூணூலும் சடையுமாக முனிவர் கோலத்தில் இருந்தார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனைகளில் சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரைச் சேர்த்தார். அவர்தான் பண்ணைக்காரரான வேதியர். அதனால் கதைக்குள் கூலியும் வயலும் அடிமைத்தனமும் வந்தன. ஆனால் முடிவு மாறவில்லை. நெருப்பு அப்படியே இருந்தது.

பிறகு சினிமா வந்தது. 1935இல் கே.பி. சுந்தராம்பாளும், 1942இல் ஜெமினி படத்தில் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தார்கள். கொட்டகையில் எல்லாச் சாதியாரும் அழுதார்கள். அழுதுவிட்டு ஊரார் ஊருக்கும் சேரியார் சேரிக்கும் போனார்கள். டென்ட் கொட்டகையில் அந்தப் படத்தைப் பார்த்த என் ஆயா, பல வருடம் கழித்தும் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நெருப்புக்குள்ள போனது நம்ம ஆளு. வெளிய வந்தது ஐயரு. நம்ம ஆளு எங்கடா போனான்?" முதுகலை வகுப்பில் சமஸ்கிருதமயமாக்கம் பற்றி நான் படித்தது எதுவும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவில்லை.

அந்தக் கேள்விக்கு நம் முன்னோர் இரண்டு விதமாகப் பதில் தேடினார்கள்.

முதல் பதில் சுவாமி சகஜானந்தருடையது. 1890இல் ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த முனுசாமி, நம் திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தவர். விவிலியத்தைத் தேர்ந்து படித்தும் கிறித்தவத்தில் சேர அவர் விரும்பவில்லை. அங்கிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனார். பின்பு சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகிச் சகஜானந்தர் என்ற பெயர் பெற்றார். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். நந்தன் எரிந்த ஊரில், நந்தன் பெயரில், சேரிப் பிள்ளைகள் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். பழைய கதையை அவர் தூக்கியெறியவில்லை. அதன் நெருப்பை அணைத்துவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது பதில் அயோத்திதாசப் பண்டிதருடையது. அவர் கதையையே மாற்றி எழுதினார். இந்திரர் தேச சரித்திரத்தில் வரும் நந்தன் பண்ணையாள் இல்லை; பௌத்த மன்னன், வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்டவன். 1898இல் ஆல்காட்டோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பிய பண்டிதர், இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அதில் தொடராக வந்து நூலானது 'புத்தரது ஆதிவேதம்'. அந்த எழுத்துகள் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. அவர் 1914இல் மறைந்த பிறகு அவருடைய நூல்களை அச்சிட்டுக் காத்தது அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. பூமிக்கடியில் பொன் வெட்டியவர்களின் கூலிக் காசு அந்த அச்சு மையில் இருக்கிறது.

அதே 1907இல்தான் சென்னையில் அறிவியல் பேராசிரியர் பொ. லட்சுமி நரசு ஆங்கிலத்தில் பௌத்த சாரம் பற்றிய நூலை வெளியிட்டார். பண்டிதர் தமிழ் இலக்கியத்திலும் ஏட்டுச் சுவடியிலும் புத்தரைத் தேடினார். நரசு பகுத்தறிவின் வழியாக வந்தார். நரசுவின் நூலை 1948இல் தம் முன்னுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர்.

பாபாசாகேபின் வாழ்க்கையையும் ஒரு புத்தகம் திருப்பியது. மாணவப் பருவத்தில் கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். வீட்டில் தந்தை படிக்கச் சொன்ன இராமாயணமும் பாரதமும் தராத ஒன்று அதில் இருந்தது. 1956 அக்டோபர் 14 நாக்பூர் தீட்சைக்கும், அவர் மறைந்தபின் 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கும் விதை அந்தப் பரிசுதான். பெரியார்தாசன் மொழிபெயர்ப்பில் அந்நூல் இன்று தமிழில் நம் கையில் இருக்கிறது.

இங்கே நம் இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அதே 1948இல் வெளிவந்த தீண்டப்படாதவர்கள் பற்றிய தம் நூலை, அம்பேத்கர் நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நூலுக்குள் அவர் சொல்வதோ, நம் முன்னோர் பௌத்தர்கள், பௌத்தத்தை விடாததாலும் மாட்டிறைச்சி உண்டதாலும் ஒதுக்கப்பட்டார்கள் என்பது. இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நந்தனாரின் ஏக்கத்துக்கு அவர் மரியாதை செய்தார். அந்த ஏக்கத்துக்கு விலையாகக் கேட்கப்பட்ட நெருப்பை மறுத்தார். முதல் பக்கத்தில் வணக்கம், அடுத்த பக்கங்களில் விசாரணை. நாம் படிக்கவேண்டிய முறை இதுதான்.

இன்று ஆன்மிக விழிப்பு என்ற பெயரில் புத்தகங்களும் காணொளிகளும் குவிகின்றன. உள்ளே திரும்பு, கோபத்தை விடு, எல்லாம் சரியாகும் என்கின்றன. தியானத்தை நான் பழிக்கவில்லை, புத்தரும் தியானித்தவர்தான். ஆனால் கோபப்படக் காரணம் உள்ளவனிடம் காரணத்தைக் கேட்காமல் கோபத்தை மட்டும் விடச் சொல்வது பழைய நெருப்புதான். அதற்கு எதிர்ப்பக்கத்தில் 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' போன்ற படங்கள் நிற்கின்றன. அதில் வரும் சட்டக் கல்லூரி மாணவன் வேறொருவனாக மாறி வெளியே வருவதில்லை. அவனாகவே நின்று பேசுகிறான்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊருக்குத் திரும்பியதும் மாதம் ஒரு இரவு, தெருவிளக்கடியில், இந்த நூல்களில் ஒன்றைச் சத்தமாக வாசியுங்கள். எழுத்து தெரியாத பெரியவர்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள். வாசித்து முடித்ததும் நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள், அவர்கள் கேட்கட்டும். என் ஆயாவின் கேள்வி அப்படி வந்ததுதான். அதை எழுதிவைக்க அன்று யாரும் இல்லை. இன்று நீங்கள் இருக்கிறீர்கள்.

ஜெய் பீம்.