விமான என்ஜினும் மின்முலாமும்

முலாம் என்னும் சொல்லுக்கு நம் வழக்கில் நற்பெயர் இல்லை. பித்தளை மோதிரத்தின்மேல் பொன் பூச்சு, வெறும் பேச்சின்மேல் இனிப்புப் பூச்சு என்று, உள்ளொன்றும் புறமொன்றுமாய் இருக்கும் நிலையையே அச்சொல் நமக்கு நினைவூட்டுகிறது. ஆயினும் நம் இல்லங்களில் இருந்த ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பூச்சு எவரையும் ஏமாற்றுவதற்காக ஏற்பட்டதன்று. உள்ளே கொதிக்கும் புளிக்குழம்பு களிம்பேறிக் கெடாதிருப்பதற்காகவே ஏற்பட்டது. பறக்கும் விமானத்தின் என்ஜினில் காணப்படும் முலாமும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. அம்முலாத்தின் வரலாற்றையும், பழைய என்ஜின்களைப் புதுப்பிப்போர் அதனால் அடையும் இடர்ப்பாட்டையும் குறித்து மாணவ நண்பர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

1800-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு வோல்டா தம் புகழ்பெற்ற மின்னடுக்கை உலகிற்கு அறிவித்தார். அவருடைய நண்பரும் பவியா நகரப் பேராசிரியருமான புருக்னாடெல்லி, 1805-இல் அவ்வடுக்கின் எதிர்முனையோடு வெள்ளிப் பதக்கங்களைக் கம்பியால் இணைத்துப் பொன் கரைந்த கரைசலில் அமிழ்த்தினார். பதக்கங்கள் பொன்னிறம் பெற்றன. அதுவரையில் பொன் முலாம் பூசுவோர், பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசித் தீயில் காட்டி வந்தனர். பாதரச ஆவியைச் சுவாசித்துப் பலர் உயிரிழந்தனர். அத்தொழிலாளரின் துயரைப் போக்கக்கூடிய வழி கையில் கிடைத்தும், புருக்னாடெல்லியின் சோதனையை உலகம் 35 ஆண்டுக் காலம் கண்டுகொள்ளவே இல்லை. பிறகு இங்கிலாந்தில் பர்மிங்காம் நகர மருத்துவரான ஜான் ரைட் என்பவர், பொட்டாசியம் சயனைடுக் கரைசலில் பொன்னும் வெள்ளியும் கரைந்து நிற்கும் தன்மையைப் பயன்படுத்திச் சீரான முலாம் பெறும் வழியைக் கண்டார். அவ்வழியையும் தம்மதாக்கிக்கொண்டு எல்கிங்டன் குடும்பத்தார் 1840-இல் காப்புரிமை பெற்றனர். ஒரு நஞ்சை விலக்கப் புறப்பட்ட தொழில் மற்றொரு நஞ்சில் கால் வைத்தது என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

இத்தொழிலின் அடிப்படை எளிது. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியை இட்டால் அதன்மேல் செம்பு படிவதை நீங்கள் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். அப்படிவு விரலால் தேய்த்தாலே போய்விடும். மின்சாரத்தின் உதவியால், நாம் வேண்டும் கனத்தில், பற்றுறுதியோடு ஓர் உலோகத்தை மற்றோர் உலோகத்தின்மேல் படியச் செய்வதே மின்முலாம். படியும் அளவு, செலுத்திய மின்சாரத்தின் அளவைப் பொறுத்தது என்பதை 1830-களில் மைக்கேல் பாரடே வரையறுத்துக் காட்டினார். நேரத்தையும் மின்னோட்டத்தையும் கணக்கிட்டு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனத்திற்குக் கூட முலாம் இட முடிவது இவ்விதியினால்தான்.

இனி விமானத்திற்கு வருவோம். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் பறந்த என்ஜின்களின் சிற்றுறுப்புகளில் நிக்கல் முலாமும் செம்பு முலாமும் உண்டு. எண்ணெய் பூசிக் கருமையாக்கிய எஃகும் உண்டு. இக்காலத்தில் விமான போல்ட்டுகள் என்றாலே நினைவுக்கு வரும் காட்மியம் அவற்றில் இல்லை. காட்மியத்தை 1817-இல் கண்டுபிடித்தவர் ஜெர்மானியரான ஸ்ட்ரோமையர். மருந்துக் கடைகளைச் சோதிக்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது. மருந்துக்கென வைத்திருந்த துத்தநாக உப்பு ஒன்று, சூடாக்கியபோது வெண்மையாக மாறாமல் மஞ்சளித்ததைக் கண்டு அவர் ஆராய்ந்தார். புதிய உலோகம் வெளிப்பட்டது. அதற்குப்பின் நூறு ஆண்டுகள் கழித்து, 1920-களில்தான், அமெரிக்காவில் காட்மிய முலாம் பெருந்தொழிலாக வளர்ந்தது.

காட்மியம் எஃகிற்காகத் தன்னைத் தியாகம் செய்யும் உலோகம். முலாத்தில் கீறல் விழுந்தாலும், சுற்றியுள்ள காட்மியம் முதலில் அரிக்கப்பட்டு எஃகைக் காக்கும். நிக்கலிடம் இப்பண்பு இல்லை. அதில் ஒரு நுண்துளை இருந்தாலும் அங்கே துரு வேர் பிடித்துவிடும். கடற்காற்றில் காட்மியம் துத்தநாகத்தை விட நன்றாகத் தாங்கும். என்ஜின் கூடு அலுமினியத்தால் ஆனது; எஃகு போல்ட்டு அலுமினியத்தை நேரே தொட்டால் ஈரம் பட்ட இடத்தில் சிறு மின்கலம் போன்று அமைந்து அலுமினியம் அரிக்கப்படும். இடையில் காட்மியம் இருந்தால் அவ்வரிப்பு பெரிதும் குறையும். மேலும் அது வழுவழுப்பானது. ஆகவே நட்டை முறுக்கும்போது விசை சீராக இறங்கும். இவ்வளவு பணிக்கும் வேண்டியது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் 8 முதல் 13 பங்கு கனமே. நம் தலைமயிரின் கனத்தில் அது ஒரு சிறு பகுதி.

குணமுடைய பொருளுக்குக் குற்றமும் உண்டு. இங்கே 1875-ஆம் ஆண்டிற்குச் சற்றே பின்செல்ல வேண்டும். அவ்வாண்டில் ஜான்சன் என்பார் லண்டன் ராயல் கழகத்தில் ஒரு விந்தையான செய்தியை அறிவித்தார். வளைத்தால் ஒடியாத இரும்புக் கம்பியைச் சில நிமிடம் அமிலத்தில் தோய்த்து எடுத்தால், அது ஒருமுறை வளைத்தவுடனே ஒடிந்துவிடுகிறது. ஒடிந்த முகப்பை ஈரப்படுத்தினால் அதிலிருந்து நுரைபோல் குமிழிகள் எழுகின்றன. கம்பியை அப்படியே வைத்துவிட்டால் நாளடைவில் பழைய உறுதியைத் திரும்பப் பெறுகிறது. இவற்றைக் கண்ட ஜான்சன், அமிலத்திலிருந்து பிறந்த ஹைட்ரஜன் இரும்பின் உள்ளே புகுந்ததே காரணம் என்று கூறினார். என் கருத்தில், விமானம் பிறப்பதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே விமானத்திற்காக எழுதிவைத்த எச்சரிக்கை அது.

ஏனெனில் முலாத் தொட்டியிலும் இதுவே நிகழ்கிறது. துரு நீக்க அமிலத்தில் தோய்க்கும்போதும், பிறகு மின்னோட்டம் செலுத்தும்போதும், எஃகின் மேல் ஹைட்ரஜன் பிறக்கிறது. அதில் ஒரு பங்கு உலோகத்தினுள் நுழைகிறது. மென்மையான எஃகிற்கு இதனால் பெருங்கேடு இல்லை. வலிமை மிகுந்த எஃகிற்குத்தான் ஆபத்து. எஃகு எவ்வளவு வலிதோ அவ்வளவு எளிதில் அது நொறுங்கும். அச்சம் தருவது என்னவென்றால், இக்கேடு உடனே வெளிப்படுவதில்லை. போல்ட்டு நன்றாக முறுக்கப்படும், சோதனையிலும் தேறும். பல மணி நேரமோ சில நாளோ கழித்து, யாரும் தொடாத வேளையில், 'டக்' என்று தலை தெறித்துவிடும். கண்ணுக்குப் புலப்படும் அடையாளம் ஒன்றும் முன்னதாக இராது. பளபளவென்று புது முலாத்தோடு இருக்கும் போல்ட்டு, துருப்பிடித்த பழைய போல்ட்டை விட ஆபத்தானதாய் இருக்கக்கூடும்!

இதற்குப் பரிகாரம் சமையலறையை ஒத்தது. முலாம் இட்டபின் காலம் தாழ்த்தாமல், வழக்கமாக 4 மணி நேரத்திற்குள், உறுப்பை அடுப்பில் ஏற்றி ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வாட்ட வேண்டும். குறைந்தது 3 மணி நேரம். மிக வலிய எஃகாயின் ஏறக்குறைய ஒரு நாள் முழுதும். ஹைட்ரஜன் வெளியேறிவிடும். நகைக்கும் பாத்திரத்திற்கும் முலாம் போடும் கடைக்குப் பழைய என்ஜின் போல்ட்டுகளை அனுப்புவது ஏன் தகாது என்பது இப்போது விளங்கும். அக்கடைக்காரர் திறமையற்றவர் அல்லர். அவர் தொழிலில் அடுப்பிற்கு வேலை இல்லை, அவ்வளவே. வெப்பத்திலும் ஓர் எல்லை உண்டு. காட்மியம் 321 டிகிரியில் உருகும். அதற்கு வெகு முன்னரே, 230 டிகிரிக்கு மேல், அது எஃகைப் பிளக்கத் தொடங்கலாம். ஆதலின் புகைபோக்கிக்கு அருகிலுள்ள சூடான இடங்களுக்குக் காட்மியம் கூடாது.

முலாம் காவலாளாக மட்டும் இருந்ததன்று. சில இடங்களில் அதுவே என்ஜினின் உயிர்நாடியாயிற்று. பிராட் அண்டு விட்னி நிறுவனத்தின் 'டுவின் வாஸ்ப்' என்ஜினைச் சான்றாகக் கொள்வோம். வரிசைக்கு 7 ஆக, இரண்டு வரிசைகளில் 14 சிலிண்டர்கள், 1,200 குதிரைத்திறன். ஒரு வரிசையின் 7 பிஸ்டன்களும் ஒரே தலைமைத் தண்டின் வழியாகக் கிராங்க் தண்டைத் தள்ளும். ஏழு பேர் சுமை ஒரே தாங்கியின் மேல்! பட்டறையில் பேரிங் எனப்படும் இத்தாங்கிக்கு எஃகின்மேல் வெள்ளியைக் கனமாகப் படியச் செய்தனர். வெள்ளி சுமையையும் சூட்டையும் தாங்கும். ஆனால் வழுக்கும் குணம் போதாது. ஆகவே அதன்மேல் மெல்லிய காரீயம். எண்ணெயில் உண்டாகும் அமிலம் காரீயத்தை அரிக்கும். ஆகவே அதன்மேல் இண்டியம் என்னும் அரிய உலோகத்தைப் படியவைத்து, சூட்டினால் காரீயத்தோடு கலக்கச் செய்தனர். இதைப் போன்ற வெள்ளி, காரீயம், இண்டியத் தாங்கிகளை அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனமும் தான் கட்டிய மெர்லின் என்ஜின்களில் பயன்படுத்தியது.

இண்டியத்தை 1863-இல் கண்டவர்கள் ரைக், ரிக்டர் என்னும் இரு ஜெர்மானியர். அவர்களுள் ரைக்கிற்கு நிறம் பிரித்தறியும் பார்வை இல்லை. நிறமாலையில் புதிய நீலக்கோட்டைக் கண்டவர் ரிக்டரே. அந்த அவுரி நீலத்தின் பெயரையே உலோகத்திற்கு இட்டனர். அவுரிக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயரோ இந்தியாவிலிருந்து போனது.

டுவின் வாஸ்ப் என்ஜின்கள் 1,73,618 செய்யப்பட்டன. டகோட்டா விமானத்திற்கும் லிபரேட்டர் குண்டு விமானத்திற்கும் அவையே. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கான்பூரில் பழுதாக்கி விட்டுச்செல்லப்பட்ட லிபரேட்டர்களில் 40-க்கு மேற்பட்டவற்றை 1948 முதல் பெங்களூரின் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் சீர்செய்து பறக்க வைத்தனர். 1968 வரை அவை நம் விமானப்படையில் பணியாற்றின. இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா நாடுகளின் அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களுள் சில அவ்வாறு நம் நாட்டிலிருந்து சென்றவையே. 2018 மே மாதத்தில் 'பரசுராமா' என்னும் டகோட்டா, இங்கிலாந்தில் புதுப்பிக்கப்பட்டு, வானிலேயே பறந்து வந்து நம் விமானப்படையில் சேர்ந்தது.

புதுப்பித்தல் என்னும்போது இருவகை நோக்கம் இருப்பதை மறக்கலாகாது. பறக்கப்போகும் என்ஜினில் போல்ட்டின் வலிமையே முதற்பொருள். ஐயமிருந்தால் பழையதை நீக்கிப் புதியதை இடுவதே அறம். அருங்காட்சியகத்தில் அசையாது நிற்கப்போகும் என்ஜினோ ஓர் ஏடு. அதன் முலாமும் அவ்வேட்டின் எழுத்தே. ஒருமுறை ஓர் அருங்காட்சியகத்தில் முதல் உலகப் போர்க்கால என்ஜின் ஒன்றைக் கண்டேன். அதன் போல்ட்டுகள் எல்லாம் மஞ்சட்பொன் நிறத்தில் ஒளிர்ந்தன. காட்மியத்தைக் குரோமேட்டுக் கரைசலில் தோய்த்தால் வரும் நிறம் அது. அப்பழக்கம் 1930-களில் தோன்றியது. 1917-இல் செய்த என்ஜினுக்கு அந்த நிறம் எங்கிருந்து வந்தது? பார்த்து வியந்துகொண்டிருந்த மாணவர்களுக்கு அந்த என்ஜின் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அழுக்கோடும் துருவோடும் விட்டிருந்தால்கூட அது உண்மையைச் சொல்லியிருக்கும் என்பது என் துணிபு.

காட்மியத்தையே விட்டொழித்தால் என்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஜப்பானில் ஜின்சூ ஆற்றுக் கரையில் சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் வயல்நீரில் கலந்து, அரிசி வழியே மக்களின் உடலிற் சேர்ந்து எலும்பை முறித்தது. 'இடாய் இடாய்', அதாவது 'வலிக்கிறதே வலிக்கிறதே' என்று நோயாளர் அலறியதே அந்நோயின் பெயராயிற்று. 1968-இல் ஜப்பானிய அரசு காட்மியமே அதன் காரணம் என்று ஒப்புக்கொண்டது. இன்று பல நாடுகளில் காட்மியத்திற்குக் கட்டுப்பாடு உண்டு. விமானத் துறைக்குச் சில விலக்குகள் உண்டு. மாற்றாகத் துத்தநாகத்தைப் பூசுவோர், நட்டை முறுக்கும் அளவையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். இரண்டின் வழுக்குத் தன்மையும் ஒன்றன்று. பழைய கையேட்டில் கண்ட அளவுக்கே முறுக்கினால் பிடிப்பு கூடியோ குறைந்தோ போகும்.

ஆகவே நல்ல பட்டறைகளில் போல்ட்டைத் தொட்டியில் இடுமுன் அதைப் படிக்கிறார்கள். வாஷரின் அடியிலும், நட்டின் உட்புறத்திலும், வெயிலும் கையும் படாத இடங்களில் பழைய முலாம் எஞ்சியிருக்கும். எக்ஸ் கதிர்க் கருவியை அதன்மேல் காட்டினால், சுரண்டாமலே அது நிக்கலா, காட்மியமா, துத்தநாகமா என்று தெரிந்துவிடும். தெரிந்ததைக் குறிப்பேட்டில் எழுதி, ஒளிப்படமும் எடுத்துக்கொள்கிறார்கள். மாற்றவே வேண்டியதாயின், கழற்றிய போல்ட்டுகளைச் சீட்டெழுதிப் பெட்டியில் வைத்துவிட்டு, புதிதாய்ச் செய்தவற்றின் தலையில், அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரியாத பக்கமாக, செய்த ஆண்டைச் சிறு எண்களாகப் பொறித்து வைக்கிறார்கள்.