கரீத்தீனி, நில்லி சார்

ஆனேக்கல்லில் காலை எட்டு மணிக் கூட்டத்தில், தர்ஷினி ஓட்டலின் தோசைக் கவுன்டரில் பில்லை நீட்டிப் பாருங்கள். கல்லில் இடம் இல்லையென்றால் மாஸ்டர் அதைத் தொட மாட்டார். "கரீத்தீனி, நில்லி சார்" என்பார். கூப்பிடுகிறேன், நில்லுங்கள் என்பதன் கன்னடம். பில் நம் கையிலேயே இருக்கும். அவர் கூப்பிடும்வரை மறுபடி நீட்டக் கூடாது. கூப்பிடாமல் அவரும் விடக் கூடாது. பிறகு சந்தாபுரா நெரிசலைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் நாள் முழுக்க நான் மல்லுக்கட்டும் ஜெம்5-க்குள்ளும் இதே ஒப்பந்தம்தான் ஓடுகிறது.

ஜெம்5 ஒரு சிமுலேட்டர். சில்லு கைக்கு வருவதற்கு முன்பே அது எப்படி நடந்துகொள்ளும் என்று மென்பொருளில் ஓட்டிக் காட்டும். ஆமை வேகம்தான். விநாடிக்கு ஒரு லட்சம் கட்டளை என்று ஓடினால், நிஜச் சில்லு ஒரு விநாடியில் முடிக்கும் நூறு கோடி கட்டளைக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும்.

ஜெம்5-க்கு இரண்டு தாய்வீடு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹில், டேவிட் வுட் குழு ஜெம்ஸ் என்ற கருவியை எழுதி 2005-இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. அதன் பலம் ரூபி என்கிற நினைவகப் பகுதி. ஆனால் நிரலை ஓட்டிக் காட்ட சிமிக்ஸ் என்ற வணிக மென்பொருளின் தயவு வேண்டியிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நேதன் பின்கெர்ட், ஸ்டீவன் ரைன்ஹார்ட் முதலானோர் நெட்வொர்க் சர்வர்களை ஆராய எம்5 எழுதினார்கள், நிரலை ஓட்டும் செயலிப் பகுதியும் அவர்களுடையதே. ஒரு வீட்டில் இருந்தது மற்றதில் குறை. இரண்டும் சேர்ந்து ஜெம்5 ஆன கதையைச் சொல்லும் கட்டுரை 2011-இல் வந்தது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான அர்கப்ரபா பாசு இப்போது பெங்களூரு ஐஐஎஸ்சியில் பேராசிரியர்.

தோசைக் கவுன்டர் ஒப்பந்தம் எம்5 வீட்டுச் சீதனம். அதற்கு முன் பரவலாக இருந்த சிம்பிள்ஸ்கேலர் என்ற சிமுலேட்டரில் நினைவகக் கோரிக்கை என்பது வெறும் ஃபங்ஷன் அழைப்பு. செயலிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன நினைவகமான கேஷைக் கேட்டால் 'இத்தனை கடிகாரச் சுழற்சி' என்று ஓர் எண் வரும், கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒரே நேரத்தில் பத்துப் பேர் முண்டியடித்தால் என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் சரியாக ஏறாது. எம்5-இன் இரண்டாம் பதிப்பில் நினைவக அமைப்பையே பிரித்துக் கட்டினார்கள். எந்த முகவரி, எத்தனை பைட், யார் கேட்டது என்பதைக் கடைசிவரை சுமக்கும் 'ரிக்வெஸ்ட்' ஒன்று. அதை ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குக் கொண்டுபோகும் 'பாக்கெட்' இன்னொன்று. வாசலுக்குப் 'போர்ட்' என்று பெயர். செயலி கேட்பது எட்டு பைட்டாக இருக்கலாம். கேஷில் அது இல்லையென்றால், கேஷ் 64 பைட் துண்டு முழுவதையும் கேட்டுப் புதுப் பாக்கெட்டைக் கீழே அனுப்பும். அதே துண்டைத் தேடி இன்னும் இரண்டு பேர் வந்தால் புதிதாக ஆள் அனுப்பாது. காத்திருப்போர் குறிப்பேட்டில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளும். மூன்று பில், ஒரே ஈடு தோசை. குறிப்பேட்டு யோசனை டேவிட் க்ராஃப்ட் என்பவர் 1981-இல் நிஜக் கேஷுக்காகச் சொன்னது.

குறிப்பேடு நிறைந்துவிட்டால்? அடுத்து வரும் பாக்கெட்டைக் கேஷ் வாங்காமல் 'இல்லை' என்று சொல்லிவிடும். பாக்கெட் அனுப்பியவர் கையிலேயே நிற்கும். இடம் வந்ததும் 'ரீட்ரை' என்று கூப்பிட வேண்டியது மறுத்தவர் பொறுப்பு.

சொல்ல எளிதுதான். போன வருஷம் நான் எழுதிய ஒரு சின்ன பஃபர், நிறைந்ததும் ஒழுங்காக மறுத்தது. காலியானதும் கூப்பிட மறந்தது. செயலி நின்றது, செயலிக்காக மற்றவை நின்றன. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. இனி நடக்க எந்த நிகழ்வும் மிச்சமில்லாததால் ஜெம்5 தன் கடிகாரத்தைக் கடைசி எண்ணுக்கே தள்ளிவிட்டு வெளியேறியது. திரையில் நின்ற எண் 18446744073709551615 டிக். ஒரு டிக் ஒரு பைக்கோ விநாடி. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்: 213 நாள். அத்தனை நாளும் என் செயலி, பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருக்கிறது.