அயல்நாட்டு மரண தண்டனையும் இலங்கை அரசும்

அந்நிய நாட்டு நீதிமன்றம் தன் பிரஜைக்கு விதித்த மரண தண்டனையைத் தடுக்க இலங்கை அரசு எடுத்த முயற்சிகளுள் யாவரும் அறிந்தது, மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் விஷயமாகும். 1988இல் பிறந்த அப்பெண், பிறந்த ஆண்டு 1982 என எழுதப்பட்ட கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்று, பராமரிப்பிலிருந்த நான்கு மாதச் சிசு இறந்துபடவே கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, சட்டத்தரணியின் துணையின்றி அளித்த வாக்குமூலத்தின் பேரில் 2007 ஜூனில் தவாத்மி நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். பால் புகட்டுகையில் குழந்தைக்குப் புரையேறிற்று என்றே அவர் பின்னர் சொல்லிவந்தார்.

மேன்முறையீட்டுக்கான பணம் திறைசேரியிலிருந்து வரவில்லை. ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழுவே அதைத் திரட்டியது. ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ மன்னர் அப்துல்லாவுக்குக் கருணை விண்ணப்பங்கள் அனுப்பினார். ஆயினும், இறந்த சிசுவின் பெற்றோர் மன்னித்தாலன்றி நீங்காத கிஸாஸ் (பழிக்குப்பழி) தண்டனையாதலால், 2013 ஜனவரி 9ஆம் தேதி சிரச்சேதம் நிறைவேறியது. பின்னர் ரியாத்திலிருந்த தூதர் திருப்பியழைக்கப்பட்டார். 1976க்குப் பின் தூக்குமரத்தைப் பயன்படுத்தாவிடினும் தண்டனையைச் சட்டப் புத்தகத்தில் வைத்திருக்கும் அரசு, மரண தண்டனையையே கண்டிக்கும் வாயற்றதாய் இரக்கத்தை மட்டுமே யாசிக்க நேர்ந்தது.

இதே இலங்கை, அந்நியரைத் தண்டித்த நாடாக நின்ற சம்பவமும் உண்டு. போதைப்பொருள் வழக்கில் கொழும்பு மேல் நீதிமன்றம் 2014 அக்டோபர் 30ஆம் தேதி ஐந்து தமிழக மீனவர்களுக்கு மரண தண்டனை விதித்தபோது, டில்லி மேன்முறையீட்டுக்கு ஏற்பாடு செய்ததோடு உயர்மட்டத்தில் பேசவும் செய்தது. அடுத்த மாதமே அவர்கள் பொதுமன்னிப்புப் பெற்று வீடு திரும்பினர். வேண்டுகோளின் வலிமை, வேண்டுபவரின் வலிமையே போலும்.

ரிசானாவுக்குப் பிந்திய நடவடிக்கைகளுள் வெலிமடை போன்ற மலையகத் தோட்ட ஊர்களை எட்டியவை கடவுச்சீட்டு, வயது, குடும்பம் பற்றியவையே. சவூதிக்குச் செல்லும் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயது 25ஆக உயர்த்தப்பட்டது. பிரதேச செயலகத்தில் குடும்பப் பின்னணி அறிக்கை பெறுதலும் கட்டாயமாயிற்று. கொழுந்து நிறுத்துக் கிடைக்கும் நாட்சம்பளம் போதாமல் லயக் காம்பிராவிலிருந்து புறப்படும் தோட்டத்துப் பெண், தன் பிள்ளைகளை யார் வளர்ப்பார் என்று உத்தியோகத்தருக்கு விளக்கம் சொல்லவேண்டியவளானாள். பிறப்புப் பதிவும் அடையாள அட்டையும் நெடுங்காலம் எளிதில் கிட்டாத தோட்டங்களிலோ, ஏஜன்சிக்காரர் சொல்லும் வயதை மறுக்கக் கையில் பத்திரமிருப்பது அரிதாயிருந்தது. 2022இல், அந்நியச் செலாவணி வறண்டுபோன காலத்தில், அக்குறைந்தபட்ச வயது 21 எனத் தாழ்த்தப்பட்டது.