குண்ட்ரடாவின் பிறப்பு: வாரென் குடிவழி ஆவணங்களில் காணும் முரண்கள்

முன்னுரை

இடைக்கால இங்கிலாந்தின் உயர்குடிகளுள் வாரென் குடும்பம் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. 1066இல் நிகழ்ந்த ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டிக் கோமகன் வில்லியத்தின் பக்கம் நின்று போரிட்ட வில்லியம் டி வாரென், சசெக்ஸில் லூயிஸ் நகரைச் சூழ்ந்த பகுதியையும் நார்ஃபோக், யார்க்ஷயர் முதலிய இடங்களில் பெருநிலங்களையும் பெற்றார். 1088இல் சர்ரேயின் ஏர்ல் என்னும் பட்டம் எய்திய அவர் அவ்வாண்டிலேயே இறந்தார். அவர்தம் மனைவி குண்ட்ரடா 1085இல் இறந்தார். இவ்விருவரும் ஏறத்தாழ 1077இல் லூயிஸில் நிறுவிய மடமே இங்கிலாந்தின் முதல் கிளூனி மடமாகும். குண்ட்ரடா யாருடைய மகள் என்னும் வினாவிற்கு ஆவணங்கள் ஒன்றற்கொன்று மாறான விடைகளைத் தருகின்றன. அம்முரண்களையும் அவை தீர்க்கப்பட்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மடத்து ஆவணங்கள்

லூயிஸ் மடத்திற்குரிய கொடை ஆவணங்கள் 15ஆம் நூற்றாண்டில் ஓர் ஏட்டில் படியெடுத்துத் தொகுக்கப்பட்டன. அத்தொகுப்பில் உள்ள நிறுவன ஆவணமொன்று, அரசி மட்டில்டாவைக் குண்ட்ரடாவின் தாய் எனக் குறிக்கிறது. நார்ஃபோக்கில் உள்ள வால்ட்டன் என்னும் ஊரை மடத்திற்கு அளித்த அரச ஆவணத்திலும் குண்ட்ரடா அரசரின் மகளாகக் காட்டப்படுகிறார். இவற்றை நம்பியே நெடுங்காலம் குடிவழி நூலோர் குண்ட்ரடாவை வெற்றிவேந்தர் வில்லியத்தின் மகள் என எழுதி வந்தனர்.

ஆயின் மகள் எனச் சுட்டும் பகுதிகள் பிற்கால இடைச்செருகல்கள் என ஆய்வாளர் கண்டனர். வில்லியத்தின் பெண்மக்களைப் பெயர் சொல்லிக் கூறும் அக்கால வரலாற்றாசிரியர் எவரும் குண்ட்ரடாவைக் குறிப்பிடவில்லை. 12ஆம் நூற்றாண்டில் அவருக்கென அமைக்கப்பட்ட கல்லறைக் கல்லும் அவரைக் கோமக்கள் வழியினர் எனப் போற்றுகிறதேயன்றி அரசர் மகள் எனக் கூறவில்லை. 16ஆம் நூற்றாண்டில் மடம் கலைக்கப்பட்ட பின்னர் ஐஸ்ஃபீல்டு ஊர்க் கோயிலில் வேறொருவர் கல்லறைமேல் கிடந்த இக்கல் 1775இல் லூயிஸை அடுத்த சவுத்தோவர் கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டது. 1845இல் இருப்புப்பாதை அமைப்பதற்காக மடம் இருந்த இடத்தைத் தோண்டியபோது இருவரின் எலும்புகளும் கொண்ட ஈயப் பேழைகள் கிடைத்தன. அவற்றின்மேல் பெயர்கள் மட்டுமே பொறிக்கப்பட்டிருந்தன. பெற்றோரைப் பற்றிய குறிப்பு இல்லை.

வரலாற்று நூல்களின் சான்று

12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நார்மண்டியில் இருந்து எழுதிய ஆர்டெரிக் விட்டாலிஸ் என்னும் துறவி, குண்ட்ரடாவை ஃபிளாண்டர்ஸ் நாட்டவராகிய கெர்போடின் உடன்பிறந்தாள் என்கிறார். இக்கெர்போட் சிறிது காலம் செஸ்டர் பகுதியை ஆண்டவர். வாரென் குடும்பத்தோடு தொடர்புடைய மற்றொரு வரலாற்று நூல் ஃபிரெடரிக் என்பவரையும் குண்ட்ரடாவின் உடன்பிறந்தார் எனக் கூறுகிறது. 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நூல், வாரென் பெற்றிருந்த நார்ஃபோக் நிலங்கள் சிலவற்றை ஃபிரெடரிக்கின் உடைமையின் வழிவந்தவை எனப் பதிவு செய்கிறது. நிலவரி நோக்கில் எழுந்த இப்பதிவு வரலாற்று நூலின் கூற்றுக்கு அரண் செய்கிறது.

இணைப்பு முயற்சி

இவ்விரு மரபுகளையும் ஒருங்கே ஏற்க முயன்றவர் 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர் ஸ்டேப்பிள்டன். மட்டில்டா முன்னரே மணமானவர் என்றும், குண்ட்ரடாவும் கெர்போடும் அம்மணத்தின் மக்கள் என்றும் அவர் கருதினார். 1049இல் ரைம்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பேரவை, வில்லியம் மட்டில்டாவை மணப்பதைத் தடுத்தமைக்கும் அதுவே காரணம் என்றார். இக்கருத்து முரண்பட்ட ஆவணங்கள் அனைத்திற்கும் இடமளித்தமையால் பலரைக் கவர்ந்தது. எனினும் அதன் அடிப்படை, ஐயத்திற்குரிய ஆவணத்தை மெய்யெனக் கொண்டதேயாகும்.

ஆன்செல்மின் கடிதம்

இச்சிக்கலைத் தீர்த்தது குண்ட்ரடாவின் பெயரையே கூறாத ஒரு கடிதம். 1093 முதல் 1109 வரை கேன்டர்பரியின் பேராயராக விளங்கிய ஆன்செல்ம், மன்னர் முதலாம் ஹென்றிக்கு அதனை எழுதினார். மணவுறவுக்கு வெளியே பிறந்த தம் மகள் ஒருத்தியைக் குண்ட்ரடாவின் மகனாகிய இரண்டாம் வில்லியம் டி வாரெனுக்கு மணமுடிக்க ஹென்றி விரும்பினார். இருவரும் ஒரு பக்கம் நான்காம் தலைமுறையிலும் மறுபக்கம் ஆறாம் தலைமுறையிலும் உறவினராதலின் இம்மணம் கூடாது என ஆன்செல்ம் மறுத்தார்.

ஹென்றி, வெற்றிவேந்தர் வில்லியத்திற்கும் மட்டில்டாவிற்கும் பிறந்தவர். குண்ட்ரடா அவ்விருவரின் மகளாயினும், மட்டில்டாவின் முன்மணத்து மகளாயினும், ஹென்றிக்கு உடன்பிறந்தாளே ஆவார். அவ்வாறாயின் மணமக்கள் இரண்டாம் தலைமுறையிலேயே உறவினர் ஆகிவிடுவர். மணத்தைத் தடுக்கக் காரணம் தேடிய பேராயர், வலிமைமிக்க அவ்வுறவை விட்டு நான்காம், ஆறாம் தலைமுறைகளை எண்ணியிருக்க இயலாது. எனவே அரசர் மகள் என்னும் கொள்கையும் அரசி மகள் என்னும் கொள்கையும் ஒருங்கே வீழ்கின்றன. செஸ்டர் வாட்டர்ஸ், ஃப்ரீமன் ஆகியோர் இம்முடிவை வலியுறுத்தினர். 1888இல் வெளிவந்த ஃப்ரீமனின் கட்டுரை இவ்வாய்வில் குறிப்பிடத்தக்கது.

வாரென் வழியின் சிக்கல்

கணவர் வழியும் முற்றும் தெளிவுடையதன்று. 12ஆம் நூற்றாண்டினரான டோரிஞ்யி ராபர்ட், வாரென் குடியை நார்மண்டிக் கோமகள் குன்னோரின் உறவினரோடு இணைக்கிறார். ஆயின் அவர் வகுத்த தலைமுறைகள் ரூவான் நகர மடத்து ஆவணங்களோடு பொருந்தவில்லை. அவ்வாவணங்களில் ரோடல்ஃப் டி வாரெனின் மனைவியராகப் பியாட்ரிஸ், எம்மா என்னும் இருவர் காணப்படுகின்றனர். 1933இல் எழுதிய லாய்டு, ஒரே ரோடல்ஃப் இருவரையும் மணந்தார் எனக் கொண்டார். 1993இல் கீட்ஸ்-ரோஹன், தந்தையும் மகனுமாக ரோடல்ஃப் என்னும் பெயருடையோர் இருவர் எனக் கருதினார்.

முடிவுரை

மடத்தின் பெருமைக்காக எழுதப்பட்டவை குண்ட்ரடாவிற்கு அரச குடியில் இடம் தந்தன. குடிவழி கூறுவதை நோக்கமாகக் கொள்ளாத நிலப்பதிவும் மணத்தடைக் கடிதமுமே உண்மைக்குத் துணைநின்றன. முரண்பட்ட ஆவணங்கள் அனைத்தையும் உடன்படுத்துவது ஆய்வு ஆகாது. ஒவ்வோர் ஆவணமும் யாரால், எப்போது, எதற்காக எழுதப்பட்டது எனக் கேட்பதே முதற்பணி. அவ்வாறு கேட்குங்கால் குண்ட்ரடா ஓர் அரசிளங்குமரி என்னும் பெருமையை இழக்கிறார்; கெர்போட், ஃபிரெடரிக் என்னும் தம் உடன்பிறந்தாரைத் திரும்பப் பெறுகிறார்.