பல திரைகளின் காட்சி முறைகளைக் கண்டறிதல்

கணினியோடு இணைந்த ஒவ்வொரு திரையும் எந்தெந்தப் பிக்சல் அளவில், நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பித்துக் காட்டும் என்று நிரல் வழியே கேட்டறிவது கிராஃபிக்ஸ் நிரலாக்கத்தின் அடிப்படைப் பணி. அகலம், உயரம், புதுப்பிப்பு வீதம், நிற வடிவம் ஆகியவை சேர்ந்தது ஒரு காட்சி முறை. இந்தப் பட்டியல் திரைக்குத் திரை மாறும். முதன்மைத் திரையை மட்டும் விசாரித்துவிட்டு அதையே மற்றத் திரைகளுக்கும் பொருத்துவதுதான் இத்துறையில் நடக்கும் பெரும் பிழை.

ஓர் எடுத்துக்காட்டு: தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்கு அரசு நிறுவனமான எல்காட் வழியே கணினிகளைக் கொடுத்தது. ஜோலார்பேட்டை வகுப்பறை ஒன்றில் அப்படியொரு மடிக்கணினியை விஜிஏ கேபிளால் புரொஜெக்டருடன் இணைப்பதாகக் கொள்வோம். அக்கால மடிக்கணினித் திரைகளில் 1366×768 பரவலானது, புரொஜெக்டர்களில் 1024×768. இரண்டிலும் ஒரே படம் வேண்டுமென்றால், இரு பட்டியல்களுக்கும் பொதுவான முறை ஒன்றைத் தேட வேண்டும்; பெரும்பாலும் 1024×768 கிடைக்கும். திரையை நீட்டிப் பயன்படுத்தினால் அந்தத் தேடல் தேவையில்லை, ஒவ்வொன்றும் தன் அளவிலேயே இயங்கும்.

பட்டியல் பிறக்கும் இடம் திரைக்குள் இருக்கும் 128 பைட் தரவுத்தொகுதி. வெசா அமைப்பு 1994இல் வகுத்த இதற்கு இ.டி.ஐ.டி. என்று பெயர். விஜிஏ செருகியின் 12, 15ஆம் முனைகள் வழியே கிராஃபிக்ஸ் கார்டு இதைப் படிக்கிறது. 128 பைட்களையும் கூட்டினால் 256ஆல் மீதமின்றி வகுபட வேண்டும்; வகுபடாவிட்டால் தரவு வழியில் கெட்டிருக்கிறது. இதிலுள்ள குறுவடிவப் பதிவு அகலத்தை எட்டின் மடங்காக மட்டுமே எழுதும். 1366 எட்டால் வகுபடாது. ஆகவே அந்த வடிவில் அது 1360×765 என்றோ 1368×769 என்றோ மாறிவிடுகிறது. லினக்ஸ் கெர்னல் இவ்விரண்டையும் 60 ஹெர்ட்ஸில் கண்டால் 1366×768 என்று திருத்திக்கொள்கிறது. சரியான அளவைச் சுமக்கக்கூடியது 18 பைட் விரிவான பதிவு. திரை விரும்பும் முறையும் வழக்கமாக அதில்தான் முதலில் நிற்கும். நிரலர் முதலில் நம்ப வேண்டியதும் அதையே.

விண்டோஸின் டி.எக்ஸ்.ஜி.ஐ. நூலகத்தில் முதலில் அடாப்டர்கள் (கிராஃபிக்ஸ் கார்டுகள்), பிறகு ஒவ்வொன்றின் வெளியீடுகள், பிறகு ஒவ்வொரு வெளியீட்டின் முறைகள் என்று படிப்படியாக இறங்க வேண்டும். ‘கெட் டிஸ்ப்ளே மோட் லிஸ்ட்’ சார்பை இருமுறை அழைப்பது வழக்கம்: எண்ணிக்கை அறிய ஒன்று, நினைவகம் ஒதுக்கியபின் நிரப்ப ஒன்று. லினக்ஸில் எக்ஸ்ரேண்டர் (XRandR) நீட்சியின் 1.2 பதிப்பு வந்ததிலிருந்து வெளியீடு வாரியாகக் கேட்கலாம். பல தளங்களில் ஓட வேண்டிய நிரலுக்கு ஜி.எல்.எஃப்.டபிள்யூ. அல்லது எஸ்.டி.எல். நூலகம் போதும்.

புதுப்பிப்பு வீதத்தை முழு எண்ணாக ஒப்பிடக் கூடாது. 59.94 என்பது உண்மையில் 60000/1001, அதனால்தான் டி.எக்ஸ்.ஜி.ஐ. அதைப் பின்னமாகவே தருகிறது. 60 என்று வட்டமாக்கித் தேடும் நிரல் இருக்கும் முறையையே இல்லை என்று சொல்லிவிடும்.

விஜிஏ கேபிளில் 12, 15ஆம் முனைகளுக்கான கம்பிகள் இல்லையென்றால் திரை இருந்தும் இ.டி.ஐ.டி. வராது. அப்போது லினக்ஸ் 1024×768க்கு மிகாத பொது முறைகளை ஊகித்துத் தருகிறது. திரையைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் பழைய பட்டியல் செல்லாது, டி.எக்ஸ்.ஜி.ஐ.யில் அடாப்டர்களைப் பட்டியலிடும் பொருளான ஃபேக்டரியைப் புதிதாக உருவாக்கி, எல்லா வெளியீடுகளையும் மறுபடி கேட்க வேண்டும்.