தென்காசியும் சித்திர சபையும்: இடம்பெயர்ந்த அரசின் கலை

இடப்பெயர்வும் பண்பாட்டு அடையாளமும் இன்றைய கலைக்காட்சிகளில் அடிக்கடி இடம்பெறும் பொருள்கள். தமிழ்நாட்டில் இப்பொருளுக்கு மிகப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று தென்காசி–குற்றாலம் பகுதியில் இருக்கிறது.

1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பு, பின்னர் மதுரை சுல்தான்களின் ஆட்சி, அதன்பின் விசயநகர ஆட்சி என மதுரை அடுத்தடுத்துக் கைமாறியது. பாண்டியர் தெற்கே ஒதுங்கி, தென்காசியை மையமாகக் கொண்டு 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆண்டனர். அவர்களில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டினான். கனவில் வந்த சிவபெருமான், எறும்புச் சாரையைப் பின்தொடர்ந்து சென்று செண்பகவனத்தில் இலிங்கத்தைக் காணச் சொன்னதாகத் தலபுராணம் கூறும். இதில் கவனிக்க வேண்டியது பெயர். இழந்த மதுரையின் பெயரை அவ்வரசர்கள் புதிய தலைநகருக்கு இடவில்லை. வடக்கே நெடுந்தொலைவில் இருந்த காசியின் பெயரை இட்டனர். பிற்காலப் பாண்டியர் முடிசூடியதும் இக்கோயிலில்தான்.

இக்கோயிலின் கல்வெட்டுப் பாடல் ஒன்று வியப்பளிப்பது. பின்னாளில் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவர் யாராயினும், அவரை உலகறியப் பணிவதாகப் பராக்கிரமன் அதில் சொல்கிறான். அரசை இழந்த குடியில் பிறந்தவனுக்குக் கட்டுவதைவிடக் காப்பதே அரிது என்று தெரிந்திருக்க வேண்டும். அருங்காட்சியகப் பணியில் காப்பாட்சியர் என்ற பதவிப் பெயர் இன்று உண்டு. அப்பணியின் பொருளை இவ்வளவு தெளிவாகச் சொன்ன அரசன் வேறொருவன் இருப்பது ஐயமே. சிதைந்து நெடுங்காலம் நின்ற இராசகோபுரம் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுப்பப்பட்டு, 1990-இல் குடமுழுக்குக் கண்டது.

கல்லைத் திருத்துவது எளிது. வண்ணம் அப்படியல்ல. தென்காசிக்கு அருகே குற்றாலத்தில், குற்றாலநாதர் கோயிலுக்கு வெளியே சற்றுத் தள்ளி இருப்பது சித்திர சபை. நடராசரின் ஐம்பெரும் சபைகளில் ஒன்றான இங்கு வழிபடப்படுவது செப்புத் திருமேனி அன்று, சுவரில் தீட்டிய ஓவியம். சுற்றுச் சுவர்களிலும் தெய்வ வடிவங்களும் புராணக் காட்சிகளும் உண்டு. இப்பகுதி சேரநாட்டு எல்லையை ஒட்டியது. அருகிலுள்ள செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கமே இருந்தது. ஆகவே கட்டட அமைப்பில் மலையாள நாட்டுச் சாயல் தெரிவதில் வியப்பில்லை.

சாரலும் ஈரமும் மிகுந்த ஊரில் சுவரோவியம் மங்குவது இயல்பு. மங்கிய தெய்வத்துக்குப் புது வண்ணம் தீட்டலாம் என்பது வழிபாட்டு மரபு. பழைய கோட்டின்மேல் புதுக்கோடு விழக்கூடாது என்பது காப்பாட்சி முறை. அருங்காட்சியகத்தில் பின்னது எளிதில் செல்லும், அங்கே யாரும் விளக்கேற்றுவதில்லை. சித்திர சபையிலோ மார்கழித் திருவாதிரையில் அந்த ஓவியத்துக்கே தாண்டவ தீபாராதனை நடக்கிறது. இருப்பினும் பழைய வண்ணம் ஒருமுறை மறைந்தால், எந்தக் கை, எந்த நாட்டுப் பாணியில் தீட்டியது என்ற சான்றும் சேர்ந்தே மறையும். இடம்பெயர்ந்தவர்களின் வரலாற்றுக்கு அச்சான்று ஏட்டைவிட முக்கியம். தூய்மை செய்வதும், ஈரம் புகாமல் கூரையைச் செப்பனிடுவதும், புதுத் தூரிகைக்கு முந்திய வேலைகள்.