மூடிய பெட்டி, திறந்த அட்டவணை: எஞ்சின் கணினியின் எண்களை எழுதும் உரிமை யாருக்கு?

பழைய நான்கு சிலிண்டர் கார் ஒன்றில் அதன் உரிமையாளர் டர்போ பொருத்துகிறார் என்று கொள்ளலாம். எஞ்சினுக்குள் புகும் காற்றின் அளவு கூடிவிடுகிறது. தொழிற்சாலை பொருத்திக் கொடுத்த கணினிக்கோ இந்த மாற்றம் தெரியாது; அதன் நினைவகத்தில் இருப்பவை பழைய எஞ்சினுக்காக எழுதப்பட்ட எண்கள். கூடுதல் காற்றுக்கு ஈடான பெட்ரோல் கிடைக்காதபோது கலவை மெலிகிறது; வெப்பம் ஏறுகிறது; சிலிண்டருக்குள் கட்டுக்கடங்காத வெடிப்பு நிகழ்ந்து பிஸ்டன் உருகவும் கூடும். ஆகவே அவருக்கு எண்களைத் தாமே எழுதக்கூடிய வேறொரு கணினி தேவைப்படுகிறது. கடைக்குச் செல்பவர் பொதுவாக விலையையும், இணைக்கக்கூடிய உணரிகளின் எண்ணிக்கையையும், கிடைக்கக்கூடிய குதிரைத்திறனையும் ஒப்பிடுகிறார். ஆனால் அத்தேர்வுக்குப் பின்னால் அரை நூற்றாண்டைக் கடந்த வரலாறு ஒன்று உண்டு. எஞ்சினின் எண்களை யார் படிக்கலாம், யார் எழுதலாம், எழுதியதற்கு யார் பொறுப்பு என்பதே அவ்வரலாற்றின் மையக் கேள்வி.

கார்புரேட்டர் காலத்தில் இக்கேள்வி எழவில்லை. பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளை அளவு அதன் மீதே எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். திருகாணியைச் சற்றுத் திருப்பினால் எஞ்சினின் ஒலி மாறும். தீப்பொறிச் செருகியைக் கழற்றிப் பார்த்தால் அதன் நிறமே சான்று கூறும்: கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி; வெளிறியிருந்தால் குறைவு; இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. பட்டறையில் பத்தாண்டு பழகியவர் வீணைக்குச் சுருதி கூட்டுவதுபோல் காதைக் கொண்டே எஞ்சினைச் சீர்செய்தார். கருவி எளியது, அது சொன்ன சேதியைப் படிப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

அந்த வேலையை மின்னணுவியலிடம் ஒப்படைக்கும் முதல் முயற்சி அமெரிக்காவில் நிகழ்ந்தது. பெண்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘எலக்ட்ரோஜெக்டர்’ 1958ஆம் ஆண்டின் கிரைஸ்லர் குழுமக் கார்களுக்கு விருப்பத் தெரிவாக அறிவிக்கப்பட்டது. அது பொருத்தப்பட்டு விற்பனையானவை சில பத்துக் கார்களே. வெப்பத்தையும் அதிர்வையும் அக்காலத்து மின்னணு உறுப்புகளால் தாங்க இயலவில்லை. பெரும்பாலான கார்களில் பின்னர் கார்புரேட்டரே மீண்டும் பொருத்தப்பட்டது. காப்புரிமைகள் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தைச் சென்றடைந்தன.

பாஷ் 1967இல் ‘டி-ஜெட்ரானிக்’ அமைப்பை வெளியிட்டது. அமெரிக்கச் சந்தைக்கான வோக்ஸ்வாகன் 1600 காரில் அது இடம்பெற்றது. பெயரிலுள்ள ‘டி’ என்னும் எழுத்து, அழுத்தம் எனப் பொருள்படும் ‘ட்ருக்’ என்னும் ஜெர்மானியச் சொல்லின் முதலெழுத்து. உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தத்தை அளந்து பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் முறை அது. 1970களில் வந்த ‘எல்-ஜெட்ரானிக்’ அமைப்பின் ‘எல்’, காற்றைக் குறிக்கும் ‘லுஃப்ட்’ என்பதன் முதலெழுத்து. அது புகும் காற்றின் அளவையே அளந்தது. காற்றை நேரடியாக அளப்பதா, அழுத்தத்திலிருந்து உய்த்துணர்வதா என்னும் இந்தப் பிரிவு இன்றும் தொடர்கிறது. மாற்றியமைக்கப்பட்ட காருக்குக் கணினி தேர்பவர் முதலில் விடை காண வேண்டிய வினாக்களுள் அதுவும் ஒன்று.

மின்னணுவியலை எஞ்சினுக்குள் நிலைபெறச் செய்தது வேகத்தின் மீதான ஆசையைக் காட்டிலும் காற்று மாசு பற்றிய சட்டமே. அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம், கார்கள் வெளியிடும் ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைக்குமாறு கோரியது. மூன்று வகை மாசுகளையும் ஒருங்கே குறைக்கும் வினையூக்கி மாற்றி, காற்றும் பெட்ரோலும் எடையளவில் 14.7க்கு 1 என்னும் விகிதத்தை ஒட்டி எரிந்தால்தான் முறையாகச் செயல்படும். அத்துணைக் குறுகிய எல்லைக்குள் கார்புரேட்டரைத் தொடர்ந்து நிறுத்திவைப்பது அரிது. வெளியேறும் புகையில் ஆக்சிஜனை அளந்து கலவையைக் கணந்தோறும் திருத்தும் முறையை வால்வோ 1976இல் அறிமுகப்படுத்தியது. எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே எண்முறைக் கணினியின் கீழ்க் கொணர்ந்த பாஷின் ‘மோட்ரானிக்’ 1979இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வந்தது.

இக்கணினியின் உள்ளே இருப்பது மந்திரமன்று, ஓர் அட்டவணை. ஒரு பக்கம் எஞ்சினின் சுழற்சி வேகம். மறுபக்கம் அழுத்தம் அல்லது காற்றளவு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். அழுத்தத்தைக் கொண்டு கணிக்கும் முறையில், அக்கணத்தில் சிலிண்டர் தன் கொள்ளளவில் எத்தனை விழுக்காடு காற்றால் நிரம்பும் என்பதை அவ்வெண் சொல்லும். அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றுடன் அதைச் சேர்த்துக் கணக்கிட்டு, எரிபொருள் தெளிப்பான் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்று கணினி முடிவு செய்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று வேகத்தில் நான்கு வீச்சு எஞ்சினின் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைப்பது 20 மில்லி விநாடி மட்டுமே. எனவே தெளிப்பானின் அளவும் அட்டவணையின் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருத்தல் இன்றியமையாதது.

நேரத்தை அறிய, கிராங்க் தண்டில் பற்களுள்ள சக்கரம் ஒன்று சுழல்கிறது. பரவலாக வழங்கும் ஒரு முறையில் 60 பற்களுக்கு இடம் வகுத்து, இரண்டை மட்டும் நீக்கியிருப்பார்கள். அந்த இடைவெளி உணரியைக் கடக்கும்போதுதான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி அறிகிறது. உருபு இல்லாமையே எழுவாய் வேற்றுமையைக் காட்டுவதுபோல, இங்குப் பல் இல்லாமையே பொருள் தருகிறது. புதிய கணினிக்கு இச்சக்கரத்தைப் படிக்கத் தெரியாவிடில், அதன் பிற சிறப்புகள் அனைத்தும் பயனற்றவை.

1980களில் பட்டறைக்காரரின் திருகாணிக்கு வேலை குறைந்தது. எஞ்சினின் எண்கள் நினைவகச் சில்லுக்குள் குடிபுகுந்தன. அவற்றின் பொருளை அறிந்தவர்கள் உற்பத்தியாளரின் பொறியாளர்கள் மட்டுமே. வெளியே நின்றவர்கள் இரண்டு வழிகளில் இதை எதிர்கொண்டனர். ஒன்று, சில்லின் உள்ளடக்கத்தை நகலெடுத்து, எண் வரிசைகளில் அட்டவணை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது. அறியாத எழுத்துமுறையைப் படித்தறிவதற்கு ஒப்பான உழைப்பு அது: சீராக ஏறும் எண் தொடர் ஒன்று தென்பட்டால் அது வேகத்தின் அச்சாக இருக்கலாம் என்னும் ஊகத்திலிருந்து தொடங்க வேண்டும். மற்றொன்று, பழைய பெட்டியையே அகற்றிவிட்டுப் புதியதை வைப்பது.

இரண்டாவது வழியில் ஆஸ்திரேலியா முன்னின்றது. 1986இல் தொடங்கப்பட்ட ஹால்டெக், 1987இல் மெல்போர்னில் தொடங்கப்பட்ட மோட்டெக் ஆகிய நிறுவனங்கள், பயனரே எண்களை எழுதக்கூடிய கணினிகளை விற்றன. கணினியைக் கம்பியால் இணைத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டத்தின் எண்ணை மாற்றி விளைவைக் காணலாம் என்னும் நிலை உருவாயிற்று. இழந்த திருகாணி திரை வடிவில் திரும்பிவந்தது எனலாம். ஆயினும் அதன் விலை பந்தய அணிகளுக்கே எட்டக்கூடியதாக இருந்தது; பெட்டியின் உட்புற நிரலும் நிறுவனத்தின் உடைமையாகவே நீடித்தது.

2001இல் அமெரிக்கர்களான புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ இருவரும் ‘மெகாஸ்குவர்ட்’ என்னும் கணினியை வெளியிட்டனர். உறுப்புகளை வாங்கி, மின்சுற்றுப் பலகையில் தாமே பற்றவைத்துக்கொள்ளும் தொகுப்பாக அது வந்தது. உள்ளே மோட்டரோலாவின் 8 பிட் நுண்கட்டுப்படுத்தி; எரிபொருள் அட்டவணையில் எட்டுக்கு எட்டு என 64 கட்டங்கள். தொடக்கத்தில் அது எரிபொருளை மட்டுமே ஆண்டது. தீப்பொறியை ஆளும் நிரலைப் பயனர்கள் பின்னர் எழுதிச் சேர்த்தனர். மின்சுற்று வரைபடமும் நிரலும் படிக்கக் கிடைத்ததால் பலருக்கு அது கருவியாக மட்டுமன்றிப் பாடநூலாகவும் அமைந்தது. ஆனால் படிக்கும் உரிமையும் பயன்படுத்தும் உரிமையும் ஒன்றல்ல. நிரலை அதன் ஆசிரியர்களது வன்பொருளில் மட்டுமே இயக்கலாம் என்பது நிபந்தனை. அந்த வரம்பையும் கடந்தவை பின்வந்த ‘ஸ்பீடுயினோ’, ‘ரஸ்இஎஃப்ஐ’ ஆகியவை. அவற்றின் நிரல்கள் பொதுப் பயன்பாட்டு உரிமத்தின் கீழ் வெளியாயின. எவரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை அதே உரிமத்துடன் பகிரலாம்.

படிக்கும் உரிமை பொழுதுபோக்கினரின் சிறு கவலையன்று என்பதை 2015ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்தியது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, காரின் கணினியிலுள்ள பூட்டைத் திறப்பது அதன் உரிமையாளருக்கே குற்றமாகலாம் என்னும் நிலை இருந்தது. பழுதுபார்க்கவும் ஆராயவும் விலக்கு வேண்டும் என்று விண்ணப்பிக்கப்பட்டபோது, ஜெனரல் மோட்டார்ஸ், ஜான் டீர் போன்ற நிறுவனங்கள் எதிர்த்தன. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும், பூட்டைத் திறந்தால் மக்கள் மாசுக் கட்டுப்பாட்டைக் குலைத்துவிடுவார்கள் என்று அவ்வாண்டு ஜூலையில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. இரண்டே மாதங்களில், செப்டம்பர் 18 அன்று, அதே முகமை வோக்ஸ்வாகன் மீது குற்றம் சாட்டியது. சோதனைச் சாலையில் இருப்பதை உணர்ந்து அங்கு மட்டும் மாசைக் குறைக்கும் நிரல், அமெரிக்காவில் ஏறத்தாழ 4,82,000 டீசல் கார்களில் இருந்தது, உலகளவில் 1.1 கோடி வாகனங்கள் என நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. சாலையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் அனுமதிக்கப்பட்ட அளவைக் காட்டிலும் 40 மடங்கு வரை வெளியேறின. ஐயத்தை முதலில் எழுப்பியது பெட்டியின் நிரலன்று; கார்களைச் சாலையில் ஓட்டி, புகையை அளந்த மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் அளவீடு. அவ்வாண்டு அக்டோபரில் உரிமையாளர்களுக்கான விலக்கு வழங்கப்பட்டது; ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது.

இதிலிருந்து திறந்த பெட்டி தூயது, மூடிய பெட்டி தீயது என்று முடிவு கட்டிவிட முடியாது. முகமையின் அச்சம் வெறும் கற்பனையன்று. ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வாகனங்களில் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பத்தாண்டுகளில் அகற்றப்பட்டதாக அதே முகமை 2020இல் மதிப்பிட்டது. அவ்வாறு அகற்றிய பின் வண்டியை ஓடவைக்க, கணினியின் எண்களைத் திருத்துவதும் தேவைப்பட்டது. நிறுவனம் மூடிய பெட்டிக்குள் செய்த ஏமாற்றும், தனிமனிதர் திறந்த பெட்டியில் செய்த ஏமாற்றும் ஒரே காற்றில்தான் கலந்தன. வேறுபாடு ஒன்று உண்டு: திறந்த அட்டவணையில் செய்யப்பட்ட பிழையைப் பிறரும் படித்துக் காணலாம், மூடியதில் அதை வெளியிலிருந்து ஊகிக்க மட்டுமே முடியும்.

இந்தியாவில் இவ்வினா இன்னும் கூர்மையானது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபின், இருசக்கர வாகனங்களிலிருந்தும் கார்புரேட்டர் பெரும்பாலும் விடைபெற்றது. அமெரிக்கப் பட்டறைகள் 1980களில் கண்ட மாற்றத்தை இந்தியத் தெருமுனைப் பட்டறைகள் இப்போது காண்கின்றன. மறுபுறம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டுத் திருத்தச் சட்டம், விதிமீறிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. எனவே எண்களைத் திருத்தி எழுதும் கணினிக்கு இங்கு இயல்பான இடம் இருங்காட்டுக்கோட்டை, கோவை போன்ற ஊர்களின் பந்தயத் தடங்களும் கல்லூரி ஆய்வகங்களுமே.

இவ்வரலாற்றை அறிந்து கணினியைத் தேர்பவரின் வினாக்கள் சற்று வேறாக இருக்கும். இக்கருவி அந்த எஞ்சினின் பல்சக்கரத்தைப் படிக்குமா? காற்றை அளக்கிறதா, உய்த்துணர்கிறதா? உணரி ஒன்று பழுதானால் எஞ்சினைக் காக்க என்ன செய்யும்? நிறுவனம் மறைந்தாலும் நிரல் நிலைக்குமா? இவற்றுக்கெல்லாம் மேலாக, அட்டவணை யாருடையது? வணிகக் கணினிகள் பலவற்றில், எண்களை எழுதிய வல்லுநர் கடவுச்சொல்லிட்டுப் பூட்டிவிடும் வசதி உண்டு. தம் உழைப்பு களவாடப்படலாகாது என்னும் அவருடைய கவலை நியாயமானதே. ஆனால் அந்நிலையில், தொழிற்சாலைப் பெட்டியைக் கழற்றி எறிந்த உரிமையாளர், பணம் கொடுத்து மற்றொரு மூடிய பெட்டியை வாங்கியிருக்கிறார். அந்த வல்லுநர் ஊரை விட்டுச் சென்றால், தெளிப்பானைக்கூட அவரால் மாற்ற இயலாது. பணம் கொடுக்கும் முன், கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்று கேட்டுக்கொள்வது நன்று.